அமகசாகி வளைவு: ஃபுகுச்சியாமா புறநகர் ரயில் தடம், 2005 ஏப்ரல் 25

ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில், அமகசாகி நிலையத்துக்குச் சற்று வடக்கே, ஃபுகுச்சியாமா தடத்தில் 304 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவு இருக்கிறது. 2005-இல் அந்த வளைவில் அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர். அந்த ஆண்டு ஏப்ரல் 25, திங்கட்கிழமை காலை 9.18 மணியளவில், தகராசுகாவிலிருந்து தோஷிஷாமாயே நோக்கிச் சென்ற ஏழு பெட்டி மின்சார ரயில் ஏறத்தாழ 116 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் நுழைந்தது. முதல் ஐந்து பெட்டிகள் தடம்புரண்டன. முன்பெட்டி தண்டவாளத்தை ஒட்டியிருந்த ஒன்பது மாடிக் குடியிருப்பின் தரைத்தளத்துக்குள் புகுந்தது. இரண்டாம் பெட்டி அதே கட்டடத்தின் மூலையில் மோதி, அதைச் சுற்றி வளைந்து ஒட்டிக்கொண்டது. ஓட்டுநர் உட்பட 107 பேர் இறந்தனர், 562 பேர் காயமடைந்தனர். 161 பேரைப் பலிகொண்ட 1963-ஆம் ஆண்டின் த்சுருமி விபத்துக்குப் பிறகு ஜப்பானிய ரயில்துறை கண்ட மிகப் பெரிய உயிரிழப்பு இது.

இந்த விபத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள்: ஜப்பானியர்களின் நேரம் தவறாமை வெறி ஓர் இளம் ஓட்டுநரை வேகமாக ஓட்ட வைத்தது, ஒன்றரை நிமிடத் தாமதத்துக்காக நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் என்று. இது முழுப் பொய்யல்ல, ஆனால் விசாரணை அறிக்கையைப் பொறுமையாகப் படித்தால் இந்த விளக்கம் போதாது என்பது தெரியும். வண்டி தாமதமாவது அந்தத் தடத்தில் புதிதல்ல. ஓர் ஓட்டுநர் செய்யக்கூடிய சிறு தவறைத் தாங்கிக்கொள்ளும் இடம் கால அட்டவணையிலும் இல்லை, தண்டவாளத்தின் பாதுகாப்புக் கருவியிலும் இல்லை, அவர் வேலை செய்த நிறுவனத்தின் நடைமுறையிலும் இல்லை என்பதே இந்த நிகழ்வின் மையம். மூன்றில் ஏதேனும் ஒன்றில் சிறிது இடம் இருந்திருந்தால் அந்த வண்டி அமகசாகிக்குச் சில நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

தடமும் போட்டியும்

ஃபுகுச்சியாமா தடம் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தனியார் நிறுவனங்கள் போட்டு, 1907-இல் அரசுடைமையானது. நெடுங்காலம் அது டீசல் வண்டிகள் ஓடிய ஒரு நாட்டுப்புறத் தடமாகவே இருந்தது. அமகசாகிக்கும் தகராசுகாவுக்கும் இடைப்பட்ட பகுதி 1981-இல் மின்மயமானது; 1986-இல் மின்மயமாக்கம் ஃபுகுச்சியாமா வரை எட்டியது. வடக்கே சாண்டாவைச் சுற்றிப் புதிய குடியிருப்புப் பகுதிகள் எழுந்து, ஒசாகாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் அங்கே குடியேறியபோது, அது முழுமையான புறநகர்த் தடமாக மாறியது. 1987-இல் தேசிய ரயில்வே பிரிக்கப்பட்டு ஜே.ஆர். மேற்கு நிறுவனம் உருவான மறு ஆண்டே ஒசாகா முதல் சசயமகுச்சி வரையான பகுதிக்கு 'ஜே.ஆர். தகராசுகா தடம்' என்று செல்லப்பெயர் சூட்டப்பட்டது.

இந்தப் பெயர் சூட்டலுக்குப் பின்னால் வணிகக் கணக்கு உண்டு. தகராசுகா என்றாலே ஒசாகா, கோபே நகரங்கள் அடங்கிய கான்சாய் வட்டார மக்களுக்கு ஹான்க்யூ என்ற தனியார் ரயில்வேதான் நினைவுக்கு வரும். அந்த ஊரை உல்லாசத் தலமாக வளர்த்ததே அந்நிறுவனம். அதன் தடம் ஒசாகாவின் உமேதாவுக்கு நேராகச் செல்கிறது. ஜே.ஆர். மேற்கு அந்தப் பயணிகளைத் தன் பக்கம் இழுக்க வேண்டுமானால் வேகத்தாலும் எளிதான வண்டி மாற்றத்தாலும்தான் இழுக்க முடியும். 1995 ஜனவரியில் கோபே நிலநடுக்கம் வந்தபோது, ஜே.ஆர். தன் கோபே தடத்தை ஏப்ரல் 1-ஆம் தேதியே முழுமையாகத் திறந்துவிட்டது. ஹான்க்யூவின் கோபே தடம் ஜூன் வரை காத்திருந்தது. அந்த இடைவெளியில் மாறிய பயணிகளில் பலர் திரும்பவே இல்லை. வேகமாகச் செயல்பட்டால் வாடிக்கையாளர் வருவார் என்ற பாடம் நிறுவனத்தின் உள்ளே அப்படித்தான் உறுதிப்பட்டது. 1996-இல் அதன் பங்குகள் சந்தைக்கு வந்தன. 2004 மார்ச்சில் அரசின் கையிலிருந்த எஞ்சிய பங்குகளும் விற்கப்பட்டன.

1997 மார்ச்சில் கியோபாஷிக்கும் அமகசாகிக்கும் இடையே சுரங்கமாக ஓடும் தோசாய் தடம் திறக்கப்பட்டது. தகராசுகா பக்கத்து வண்டிகள் அதன் வழியே ஒசாகா நகரின் கிழக்குப் புறம் வரை நேராகப் போகலாம். கோபே தடத்து வண்டிக்கு மாற விரும்புகிறவர்கள் அமகசாகியில் நடைமேடையின் எதிர்ப்பக்கம் நடந்தால் போதும். பயணிக்கு இது பெரிய வசதி. ஆனால் இந்த இணைப்புக்காக 1996 டிசம்பரில் அமகசாகிக்கு முன்பிருந்த ஒசாகா திசைத் தடம் இடம் மாற்றப்பட்டு, முன்பு 600 மீட்டராக இருந்த வளைவின் ஆரம் 304 மீட்டராகக் குறுகியது. வளைவுக்கு முன்னிருந்த நேர்த்தடத்தில் 120 கிலோமீட்டர் வரை ஓட்டலாம், வளைவில் 70. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைச் சரியான இடத்தில் குறைக்க வேண்டிய பொறுப்பு முழுவதும் ஓட்டுநரின் கையையும் கண்ணையும் நம்பி விடப்பட்டது. அதே 1996 டிசம்பரில் ஹொக்கைடோவின் ஹகோதாதே தடத்தில் ஒரு சரக்கு ரயில் வளைவொன்றில் வேகம் மிகுந்து கவிழ்ந்தது என்பதையும் இங்கே குறித்துவைக்க வேண்டும். பிற்பாடு நீதிமன்றத்தில் இது முக்கிய வாதமாயிற்று.

அன்று காலை

ஓட்டுநருக்கு வயது 23. ஓட்டுநராகி 11 மாதம் ஆகியிருந்தது. 2004 ஜூனில் கதமாச்சி தடத்தின் ஷிமோகோமா நிலையத்தில் நிறுத்தக் குறியைத் தாண்டி 100 மீட்டரளவு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதற்காக அவர் 13 நாள் 'நிக்கின் கியோய்கு' என்ற மறுபயிற்சிக்கு அனுப்பப்பட்டிருந்தார். பெயர்தான் பயிற்சி. ஓட்டும் பணியிலிருந்து எடுத்து, மேலாளர்களின் மேசைக்கு எதிரே நாள் முழுக்க உட்காரவைத்து, தவறைப் பற்றித் திரும்பத் திரும்ப அறிக்கை எழுதச் சொல்வதும், விதிகளைப் பார்த்து எழுதச் சொல்வதும், அதட்டுவதுமாக அது நடந்தது. சில பணிமனைகளில் களை பிடுங்குவதும் துப்புரவும் அதில் அடங்கின. கைப்பிடியைப் பிடித்து ஓட்டிப் பழகும் வேலை அதில் பெரும்பாலும் இல்லை. ஓட்டாத நாட்களில் படிகளும் போகும். எத்தனை நாளில் முடியும் என்பது முன்கூட்டியே தெரியாது.

ஏப்ரல் 25 காலையில் அவர் முதலில் காலி வண்டியைத் தகராசுகாவுக்குக் கொண்டுவந்தபோதே வேகம் மிகுந்து, தானியங்கி நிறுத்தக் கருவி வண்டியை நிறுத்தியது. பிறகு பயணிகளோடு புறப்பட்டு, நகயமதெரா, கவனிஷி-இகேதா நிலையங்களில் நின்று, இதமியில் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஏறத்தாழ 72 மீட்டர் போய்விட்டது. பின்னால் நகர்த்தி, பயணிகளை இறக்கி ஏற்றிப் புறப்பட்டபோது வண்டி 1 நிமிடம் 20 விநாடி தாமதம்.

அடுத்து வரும் சில நிமிடங்கள்தான் இந்த நிகழ்வின் கரு. வண்டி புறப்பட்டதும் ஓட்டுநர் உட்தொடர்புக் கருவியில் கடைசிப் பெட்டியில் இருந்த கார்டை அழைத்து, தாண்டிய தூரத்தைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லும்படி கேட்டார். நிறையத் தாண்டிவிட்டதே என்ற தொனியில் கார்டு பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஒரு பயணி கார்டின் அறைக் கண்ணாடியைத் தட்டி, இவ்வளவு நடந்தும் ஏன் மன்னிப்பு அறிவிப்பு இல்லை என்று கேட்டார். கார்டு பேச்சைத் துண்டித்துவிட்டு அறிவிப்புச் செய்யப் போனார். முன்பெட்டியில் இருந்தவருக்குப் பயணி தட்டியது தெரிய வாய்ப்பில்லை. பதில் பாதியில் நின்றதுதான் தெரியும். கார்டு கோபித்துக்கொண்டார், உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார் என்று அவர் நினைத்திருக்கலாம் என்பது விபத்தை விசாரித்த ஆணையத்தின் ஊகம்.

பிறகு கார்டு கட்டுப்பாட்டு அறையை வானொலியில் அழைத்தார். தாண்டிய தூரம் 8 மீட்டர், தாமதம் ஒன்றரை நிமிடம் என்றார். ஓட்டுநர் கேட்டுக்கொண்டபடியே குறைத்துச் சொல்லியிருந்தார். இந்த உரையாடல் முன்பெட்டி வானொலியிலும் கேட்கும். வண்டி 120 கிலோமீட்டருக்கும் மேல் ஓடிக்கொண்டிருந்தது; வளைவு நெருங்கிக்கொண்டிருந்தது; பிரேக் போட்டிருக்க வேண்டிய இடம் கடந்துபோயிற்று. விபத்துக்குப் பின் ஓட்டுநரின் வலக்கையில் கையுறை இல்லை, ஓட்டுநர் அறையில் ஒரு சிவப்புப் பென்சில் கிடைத்தது. வானொலியில் கேட்டதைக் குறித்துக்கொள்ள அவர் முயன்றிருக்கலாம் என்கிறது அறிக்கை. கார்டு சொன்ன எண்ணும் தான் பின்னால் எழுதித் தரப்போகும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டுமல்லவா. கட்டுப்பாட்டு அறை அடுத்து ஓட்டுநரை அழைத்தபோது பதில் வரவில்லை.

வேகம் பிடித்து நேரத்தை ஈடுகட்ட முயன்றதால் விபத்து என்ற எளிய விளக்கம் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறது. நேர்த்தடத்தில் வேகமாக ஓட்டியது உண்மை. ஆனால் அந்த வேகம் அங்கே அனுமதிக்கப்பட்டதைவிடச் சிறிதளவே மிகுதி. வளைவில் கவிழ வைத்தது, குறைக்க வேண்டிய நேரத்தில் குறைக்காமல் விட்டது. தாமதத்தைவிட, தாமதத்தைப் பற்றிய அறிக்கையே அந்த நிமிடத்தில் அவர் மனத்தை ஆக்கிரமித்திருந்தது என்று படிப்பதே ஆதாரங்களோடு பொருந்துகிறது. ஆணையமும் இதை உறுதியாக அல்ல, 'இருக்கலாம்' என்ற அளவிலேயே சொல்கிறது. ஓட்டுநர் உயிரோடு இல்லாதபோது வேறெப்படிச் சொல்ல முடியும்.

இடிபாட்டுக்குள்

கட்டடத்தின் தரைத்தளம் அடுக்கு முறை வாகன நிறுத்தகம். முன்பெட்டி அதற்குள் முழுவதுமாகப் புதைந்துவிட்டதால், வந்து சேர்ந்தவர்கள் வெளியே தெரிந்த இரண்டாம் பெட்டியையே முதல் பெட்டி என்று எண்ணினார்கள். உள்ளே இன்னொரு பெட்டி இருப்பது சற்று நேரத்துக்குப் பிறகே தெரிந்தது. கார்களிலிருந்து பெட்ரோல் கசிந்ததால் உலோகத்தை வெட்டும் தீச்சுடர்க் கருவிகளைப் பயன்படுத்த முடியவில்லை. கைக்கருவிகளாலும் நீரியல் கருவிகளாலும் அங்குலம் அங்குலமாக வழி உண்டாக்க வேண்டியிருந்தது. மருத்துவர்கள் நசுங்கிய பெட்டிக்குள்ளேயே ஊர்ந்து சென்று, சிக்கியவர்களுக்கு அங்கேயே ஊசி ஏற்றினார்கள். கால் நசுங்கிப் பல மணி நேரம் கிடந்தவரைத் திடீரென விடுவித்தால் தசையிலிருந்து வெளியாகும் நச்சுப் பொருட்கள் இதயத்தை நிறுத்திவிடக்கூடும் என்பது 1995 நிலநடுக்கத்தில் கோபே மருத்துவர்கள் பெரும் விலை கொடுத்துக் கற்றது. காயத்தின் கடுமைக்கேற்ப நிற அட்டை கட்டி வரிசைப்படுத்தும் முறை ஜப்பானில் பெரிய அளவில் செயல்பட்டதும் இங்கேதான். கடைசியாக உயிரோடு மீட்கப்பட்டவர்கள் வெளியே வந்தது மறுநாள் காலை.

முதலில் ஓடிவந்தவர்கள் மீட்புப் படையினர் அல்ல. பக்கத்திலிருந்த நிப்பான் ஸ்பிண்டில் தொழிற்சாலை தன் இயந்திரங்களை நிறுத்திவிட்டு ஊழியர்களை அனுப்பியது. மொத்த விற்பனைச் சந்தையில் வேலை செய்தவர்களும் வந்தார்கள். பெட்டிகளின் இருக்கைகளே தூக்குப் படுக்கையாயின. மருத்துவ வண்டிக்குக் காத்திராமல் தொழிற்சாலை வாகனங்களிலேயே பலரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இதற்கு நேர்மாறான ஒன்றும் அன்று நடந்தது. அதே ரயிலில் பயணிகளாக வந்த ஜே.ஆர். மேற்கு ஓட்டுநர்கள் இருவர், தங்கள் மேலாளர்களிடம் தகவல் சொல்லிவிட்டு, மீட்புப் பணியில் ஈடுபடாமல் தங்கள் பணிக்குப் போய்விட்டார்கள். அங்கேயே இருந்து உதவு என்று மேலாளர்களும் சொல்லவில்லை. தென்னோஜி பணிமனை ஊழியர்கள் அன்று முன்பே திட்டமிட்ட பந்துருட்டுப் போட்டியை விபத்துச் செய்தி தெரிந்த பிறகும் நடத்தினார்கள். நாடே இவர்களைத் திட்டித் தீர்த்தது. அந்த இரண்டு ஓட்டுநர்களைத் தனி மனிதர்களாகப் பழிப்பது எளிது. பணிக்குத் தாமதமாக வந்தால் என்ன ஆகும் என்பதை இதமியில் 72 மீட்டர் தாண்டியவரைப் போலவே அவர்களும் அறிந்திருந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

நிறுவனம் அன்றே செய்தியாளர்களிடம், தண்டவாளத்தில் கல் நொறுங்கிய தடம் இருப்பதாகப் படம் காட்டியது. அந்த வளைவில் தடம்புரள 133 கிலோமீட்டர் வேகம் வேண்டும் என்று கணக்கும் சொன்னது. யாரோ கல் வைத்துவிட்டார்கள் என்ற எண்ணம் பரவியது. இரண்டும் நிற்கவில்லை. பயணிகள் நிறைந்த பெட்டி அதைவிட வெகு குறைந்த வேகத்திலேயே கவிழும் என்பது பின்னர் தெளிவாயிற்று.

அறிக்கை சொன்னதும் அதற்கு நேர்ந்ததும்

விமான, ரயில் விபத்து விசாரணை ஆணையம் 2007 ஜூன் 28-இல் இறுதி அறிக்கையை வெளியிட்டது. பிரேக் தாமதமானதற்கு ஓட்டுநரின் கவனம் ஓட்டுதலிலிருந்து விலகியதே காரணமாக இருக்கலாம். வானொலி உரையாடலைக் கவனித்ததும், மறுபயிற்சிக்கு அனுப்பப்படாமல் தப்பிக்கச் சாக்கு யோசித்ததும் அந்த விலகலுக்குக் காரணமாக இருக்கலாம். தவறு செய்தவரைத் தண்டனை போன்ற பயிற்சிக்கு அனுப்பும் நிறுவனத்தின் மேலாண்மை முறை இதில் பங்கு வகித்திருக்கலாம் என்பது அதன் முடிவு. ஏ.டி.எஸ்.-பி என்னும் புதிய தானியங்கி நிறுத்த அமைப்பு அந்த வளைவில் இயங்கியிருந்தால் விபத்து நேர்ந்திருக்காது என்பதையும் அது சொன்னது. வண்டியின் வேகத்தைத் தொடர்ந்து கணக்கிட்டு, வளைவுக்கு முன்பே தானாகப் பிரேக் போடும் அமைப்பு அது. இந்தத் தடத்துக்கும் அதை நிறுவும் திட்டம் இருந்தது, தாமதமாகிக்கொண்டிருந்தது.

கால அட்டவணை பற்றிய பகுதி எனக்கு இன்னும் முக்கியமாகத் தோன்றுகிறது. 2003 டிசம்பரில் விரைவு வண்டிகள் நகயமதெராவிலும் நிற்கத் தொடங்கின. நிறுத்தம் கூடியும் பயண நேரத்தைக் கூட்ட விடாமல் விநாடி விநாடியாகச் செதுக்கினார்கள். ஈடுகட்டும் உபரி நேரம் ஏறக்குறைய இல்லாத அட்டவணை அது. அமகசாகியில் எதிர்ப்பக்கம் நிற்கும் வண்டி காத்திருக்கும்போது இங்கே வரும் ஒவ்வொரு தாமதமும் அங்கே பரவும். விபத்து நடந்த ஆண்டு நிறுவனத்தின் ஒசாகா கிளை ஊழியர்களுக்கு வெளியிட்ட இலக்குகளில் முதலிடம் பெற்றது 'வருமானம் ஈட்டுதல்'. தேசிய ரயில்வேயின் கடைசி ஆண்டுகளில் ஆள் எடுப்பது நின்றுபோனதால் நடுவயது ஓட்டுநர்கள் குறைவாகவும், இளைஞர்களுக்கு உடனிருந்து சொல்லித்தர மூத்தவர்கள் இல்லாமலும் போனது இன்னொரு பக்கம்.

இந்த அறிக்கைக்கும் களங்கம் வந்தது. விபத்துக்குப் பின் ஜே.ஆர். மேற்கின் தலைவரான யமசாகி மசாவோ, ஆணைய உறுப்பினர் ஒருவரை அணுகி அறிக்கையின் வரைவை முன்கூட்டியே பெற்றதும், தானியங்கி அமைப்பு பற்றிய பகுதியை மாற்றக் கேட்டதும் 2009-இல் வெளிவந்தன. அந்த உறுப்பினர் தேசிய ரயில்வேயில் பணிபுரிந்தவர். 1991-இல் 42 பேர் இறந்த ஷிகராகி மோதலுக்குப் பிறகு உறவினர்கள் பத்தாண்டு போராடித்தான் ரயில் விபத்துகளுக்கு நிரந்தர விசாரணை அமைப்பு 2001-இல் கிடைத்தது என்பதை நினைத்தால், இந்தச் செய்தி அவர்களை எப்படிச் சுட்டிருக்கும் என்பது புரியும். ஷிகராகியிலும் மோதிய வண்டிகளில் ஒன்று ஜே.ஆர். மேற்கினுடையது.

குற்றவாளி யார்

வளைவு மாற்றப்பட்டபோது ரயில் பிரிவின் தலைமைப் பொறுப்பில் இருந்த யமசாகி மீது 2009-இல் குற்றஞ்சாட்டப்பட்டது; 2012 ஜனவரியில் கோபே மாவட்ட நீதிமன்றம் அவரை விடுவித்தது. வழக்குத் தொடர அரசு வழக்கறிஞர்கள் மறுத்த முன்னாள் தலைவர்கள் இடே மசதகா, நன்யா ஷோஜிரோ, ககிஉச்சி தகேஷி ஆகிய மூவர் மீதும், குடிமக்கள் அடங்கிய மறுஆய்வுக் குழுவின் முடிவால் 2010-இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2013-இல் மாவட்ட நீதிமன்றமும், 2015-இல் ஒசாகா உயர் நீதிமன்றமும், 2017 ஜூனில் உச்ச நீதிமன்றமும் அவர்களைக் குற்றமற்றவர்கள் என்றன. குறிப்பிட்ட இந்த ஒரு வளைவில் இப்படியொரு விபத்து நேரும் என்று தலைமையில் இருந்தவர்கள் முன்கூட்டியே உணர்ந்திருக்க முடியும் என்பது நிறுவப்படவில்லை என்பதே தீர்ப்புகளின் சாரம். ஹகோதாதே விபத்தை முன்வைத்த வாதம் எடுபடவில்லை.

சட்டப்படி இது பிழையான தீர்ப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. ஜப்பானியக் குற்றவியல் சட்டம் கவனக்குறைவால் உயிரிழப்பு விளைவித்த குற்றத்துக்குத் தனி மனிதரைத்தான் கூண்டில் ஏற்றும். நிறுவனத்தை அந்தக் குற்றத்துக்காகத் தண்டிக்க வழியில்லை. அட்டவணை போட்டவர் ஒருவர், வளைவை வடிவமைத்தவர் இன்னொருவர், கருவிக்குப் பணம் ஒதுக்கியவர் வேறொருவர், மறுபயிற்சிக்கு அனுப்பியவர் மற்றொருவர். யாரையும் தனியே பிடித்தால் அவர் கையில் இருப்பது ஒரு சிறு துண்டுதான். நிறுவனத்தையே தண்டிக்கும் சட்டம் வேண்டும் என்று குடும்பத்தினர் கோரியதன் நியாயம் இங்கிருந்துதான் வருகிறது. அப்படியொரு சட்டம் இன்னும் வரவில்லை.

மாறியவை

தடம் 2005 ஜூன் 19-இல் ஏ.டி.எஸ்.-பி அமைப்போடு மீண்டும் திறந்தது. நேர்த்தடத்தின் வேகம் 95 ஆகவும் வளைவின் வேகம் 60 ஆகவும் குறைக்கப்பட்டன. 2006-இல் நாடு முழுவதும் ஆபத்தான வளைவுகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும், வண்டிகளில் ஓட்டப் பதிவுக் கருவியும் கட்டாயமாயின. குடியிருப்புக் கட்டடத்தை நிறுவனம் வாங்கி, மேல் மாடிகளை அகற்றி, எஞ்சியதைப் படிக்கட்டு வடிவில் பெரிய கூரையின் கீழ் பாதுகாத்து, 2018 செப்டம்பரில் 'இனோரி நோ மோரி' என்ற நினைவிடமாகத் திறந்தது.

இவற்றைவிடக் கடினமான மாற்றம் பணிமனைக்குள் நடக்க வேண்டியது. 2009 முதல் குடும்பத்தினரின் ஓர் அமைப்பும் நிறுவனமும் ஒரே மேசையில் உட்கார்ந்து, மறுபயிற்சி, அட்டவணை, கருவி, பாதுகாப்பு மேலாண்மை என ஒவ்வொன்றாக விவாதித்தன. மகளையும் மனைவியையும் பறிகொடுத்தவர்கள் நிறுவன அதிகாரிகளோடு அட்டவணையின் விநாடிகளைப் பற்றி வாதாடினார்கள். பழி கேட்பதைத் தள்ளிவைத்து, காரணம் கேட்டார்கள். அதன் நீட்சியாக, வேண்டுமென்று செய்யாத மனிதத் தவறுகளுக்கு இனி ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்று 2016 ஏப்ரலில் நிறுவனம் அறிவித்தது. இந்த விபத்திலிருந்து வந்த தீர்மானங்களில் என் கணிப்பில் முதலிடம் இதற்குத்தான்.

ஆனால் அறிவிப்பு வேறு, பழக்கம் வேறு. 2017 டிசம்பரில் ஷின்கான்சென் அதிவேக வண்டி ஒன்றில் கருகல் வாடையும் விநோத ஓசையும் இருப்பதாக ஊழியர்கள் உணர்ந்தும், ஜே.ஆர். மேற்குப் பகுதியில் வண்டி நிறுத்தப்படவில்லை. நகோயாவில் நிறுத்திப் பார்த்தபோது சக்கரச் சட்டகம் ஏறக்குறைய முறியும் அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. 2020-இல் ஒகயாமாவில், காலி வண்டியைப் பணிமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டிய ஓர் ஓட்டுநர் தவறான நடைமேடையில் காத்திருந்து, புறப்பாடு ஒரு நிமிடம் தாமதமானது. ஒரு பயணிகூட அதனால் பாதிக்கப்படவில்லை. அந்த நேரத்தில் வேலை நடக்கவில்லை என்று நிறுவனம் சம்பளத்தில் பிடித்தது. அவர் வழக்குப் போட்டார். நிறுவனம் இது தண்டனை அல்ல, வேலை இல்லையேல் ஊதியம் இல்லை என்ற விதி மட்டுமே என்று வாதிட்டது. 2022 ஏப்ரலில் ஒகயாமா மாவட்ட நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்காமல், மனஉளைச்சலுக்கு அவர் கேட்ட பெருந்தொகையைத் தள்ளிவிட்டு, பிடித்த சம்பளமான 56 யென்னைத் திருப்பித் தரும்படி உத்தரவிட்டது.